நிதி நிற்கும் நாளுக்கு முன்: நல மையம் பற்றி எங்கள் நிலைப்பாடு

தொப்பூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் செவ்வாய்க்கிழமை தோறும் நாங்கள் நடத்திவரும் நல மையத்துக்கு, வெளியூர் அறக்கட்டளை ஒன்று மூன்றாண்டுகளாகத் தந்த நிதி வரும் மார்ச் 31-ஆம் தேதியோடு முடிகிறது. நீட்டிப்பு கிடையாது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். சொன்ன பணத்தைச் சொன்ன தேதிவரை தந்தவர்கள்மீது எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் மையம் இனி என்ன ஆகும் என்று ஊரில் கேட்காதவர் இல்லை. டீக்கடைப் பேச்சில் மையத்தை இப்போதே மூடிவிட்டார்கள். அதனால் நிர்வாகக் குழு எடுத்த முடிவை ஊரறியச் சொல்லிவிடுகிறோம்.

மையத்தை இன்றைய வடிவில் தொடர மாட்டோம். அடுத்த நன்கொடையாளரைத் தேடி அலையவும் மாட்டோம். செவ்வாய்க்கிழமைக் கூடுகையும் அதை நடத்தும் இரண்டு பெண்களின் சம்பளமும் நிலைக்க வழி தேடுவோம். மற்றவற்றை உரியவர்களிடம் ஒப்படைப்போம்.

முதலில், விட்டுவிடுவது எதை என்று சொல்லிவிடலாம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்றாக இருந்தது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு, அதே வேலையை அரசின் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். ஒரே பாட்டிக்கு ஒரே வாரத்தில் இரண்டு பேர் பிரஷர் பார்த்து இரண்டு நோட்டில் எழுதுவது யாருக்கும் நல்லதில்லை. எங்கள் கருவிகளையும், சம்மதம் தருபவர்களின் பதிவேடுகளையும் அரசு சுகாதாரப் பணியாளர்களிடம் கொடுத்துவிடுவோம். வாடகைக் கட்டடத்தைக் காலி செய்வோம். இதில் சிலருக்கு வருத்தம் உண்டு. பெயர்ப்பலகை இறங்குவது மனசுக்குக் கஷ்டம்தான்.

செவ்வாய்க்கிழமையை யாரிடம் ஒப்படைப்பது? அதைச் செய்ய வேறு ஆள் இல்லை. கணவாய்ச் சாலையில் லாரி மோதி மகனை இழந்த தாய், குடிக்கிற புருஷனோடு இரவெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு வருகிற பெண், பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட, பேச ஆளில்லாமல் கிடக்கும் பெரியவர்: இவர்களெல்லாம் ஒரு மணி நேரம் பாயில் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்து போகிறார்கள். மனநல உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 முதல் இருக்கிறது. அந்த எண்ணை நாங்களே சுவரில் எழுதியிருக்கிறோம். ஆனால் அந்த எண்ணை அழைக்கலாமா என்று கேட்கவே ஒரு மனிதர் பக்கத்தில் வேண்டியிருக்கிறது. தேவைப்பட்டால் கையைப் பிடித்து தருமபுரி அரசு மருத்துவமனை வரை கூட்டிப்போகவும் வேண்டியிருக்கிறது.

"மக்களே எடுத்து நடத்தட்டும்" என்று எங்களுக்குப் பல பக்கமிருந்தும் அறிவுரை வருகிறது. இந்த இடத்தில் எங்கள் மாவட்டத்தின் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் 1989-இல் தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பிறந்தன. ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் பணம் தந்தது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தியது. அந்த வெளிநாட்டு நிதி 1998-இல் முடிந்தது. குழுக்கள் முடியவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் பெண்களின் உழைப்பையும் சிறுசேமிப்பையும் பாராட்டுவார்கள். பாராட்டு நியாயம்தான், ஆனால் கதையில் பாதியை விட்டுவிடுகிறார்கள். வெளி நிதி முடிவதற்குள்ளேயே, 1997-98-இல், மாநில அரசு தன் பணத்தில் 'மகளிர் திட்டம்' என்று அதை எடுத்துக்கொண்டது. பயிற்சிக்கும் பணியாளருக்கும் கஜானாவிலிருந்து செலவு செய்தது. பெண்கள் கணக்கு நோட்டைக் காப்பாற்றினார்கள், அரசு சம்பளத்தைக் காப்பாற்றியது. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தால் குழுக்கள் நிலைத்திருக்குமா என்பது சந்தேகமே.

குழுக்கள் பிறந்த மாவட்டம் இது என்ற நினைவு அரசுக்கும் உண்டு. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்தது வேறெங்கும் இல்லை, இதே தொப்பூரில்தான்.

ஆகவே, எங்கள் இரண்டு பணியாளர்களையும் "சேவை மனப்பான்மையோடு" சம்பளமில்லாமல் தொடரச் சொல்ல நாங்கள் தயாரில்லை. இதில் குழுவுக்குள் மாற்றுக் கருத்தே எழவில்லை. பெண் சம்பளமில்லாமல் செய்தால் தொண்டு, ஆண் செய்தால் வேலை என்ற கணக்கை இந்த மையமே எடுத்து நடத்தக் கூடாது. வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கும் யோசனையையும் நிராகரித்தோம். பத்து ரூபாய்தானே என்றார்கள். யாருக்கு அதிகம் தேவையோ அவர்தான் அந்தப் பத்து ரூபாயைப் பார்த்து வாசலோடு திரும்புவார். சுயஉதவிக் குழுக்களின் சேமிப்பில் கைவைப்பதும் கூடாது. பாய், டீ, பெரியவர்களை அழைத்துவரும் ஆட்டோ ஆகியவற்றின் செலவைக் குழுக்கள் தங்கள் வட்டி வருமானத்திலிருந்து, விருப்பப்பட்டால் மட்டும், ஏற்கலாம்.

சிட்லிங்கியைப் பாருங்கள் என்றும் சிலர் சொன்னார்கள். இதே மாவட்டத்தில் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் 1993-இல் குடிசையில் தொடங்கிய மருத்துவமனை இன்றும் நடக்கிறது, உண்மை. அங்கே இரண்டு மருத்துவர்கள் வாழ்க்கையையே அந்தப் பள்ளத்தாக்கில் வைத்தார்கள். அப்படி ஒருவர் எங்களுக்கும் வருவார் என்று திட்டம் போட முடியாது.

புதிய நன்கொடையாளர் வேண்டாம் என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து இல்லை என்பதைப் பதிவு செய்கிறோம். இன்னும் இரண்டு ஆண்டுக்காவது தேடலாமே என்று மூன்று உறுப்பினர்கள் கேட்டார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே வந்த ஒரு அழைப்பு, உட்கார்ந்து பேசுவதைக் குறைத்து, செல்போன் செயலியில் தலைக்கணக்கு ஏற்றச் சொன்னது. பணத்துக்காக வேலையை மாற்றினால், பணம் போகும்போது வேலையும் அடையாளம் தெரியாமல் போயிருக்கும்.

அரசையும் ஊராட்சி நிர்வாகத்தையும் நாங்கள் கேட்பது இதுதான்: ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பின் வழியாக இரண்டு பணியாளர்களுக்குப் பொது நிதியிலிருந்து மதிப்பூதியம், வாரத்தில் ஒரு மாலை அங்கன்வாடிக் கட்டடமோ சேவை மையக் கட்டடமோ. மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்களைச் சுயஉதவிக் குழுக்களிலிருந்தே எடுத்து, பொதுப் பணத்தில் மதிப்பூதியம் தரும் அரசுக்கு இது புதிய வழியல்ல.

ஜனவரி 26 கிராம சபையில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக வைக்கிறோம். அன்று முடியாவிட்டால் மார்ச் 22 கிராம சபை இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்பது நாள்தான். மையத்துக்கு ஒருமுறையாவது வந்தவர்கள் எல்லாரும் வாருங்கள். பேச வேண்டியதில்லை, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.