மண் என்னும் திரை

மதுவைப் பற்றி எழுதுவதா என முகஞ்சுளிக்கும் நண்பர்களுக்கு முதற்கண் ஒரு விண்ணப்பம். இக்கட்டுரை குடிப்பழக்கத்திற்குப் பரிந்து பேச எழுந்ததன்று. ஒரு நிலத்தின் பெயர் எவ்வாறு விலைப்பொருள் ஆகிறது, அப்பெயரால் வாழ்வோர் யார், அப்பெயருக்குள் இடம் பெறாதோர் யார் என்பதே இங்கு வழக்கு.

பிரெஞ்சுக்காரர் தம் திராட்சை மதுவைப் பற்றிப் பேசுகையில் 'டெர்வார்' என்றொரு சொல்லைக் கையாள்வர். மண், நிலச்சரிவு, வெயில், மழை, அவ்விடத்து உழவர் வழிவழியாகப் பேணிய தொழில்முறை ஆகிய அனைத்தும் இணைந்த ஒன்றை அது குறிக்கும். தமிழில் இதனை 'மண்வாசனை' எனப் பெயர்த்துவிட்டு அமைதி கொள்வது எளிது. ஆனால் பிழை அங்கேதான் தொடங்குகிறது. மண்வாசனை என்றதும் மனிதன் மறைந்துவிடுகிறான். மழையில் நனைந்த நிலம் மட்டுமே நினைவில் நிற்கிறது. மதுவை விற்போருக்கும் அதுவே வசதி. மண் கூலி கேட்பதில்லை அல்லவா?

ஷாம்பேன் என்னும் பெயரின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம். பிரான்சின் வடகிழக்கில், ரேம்ஸ், எப்பர்னே ஆகிய நகரங்களைச் சூழ்ந்த பகுதி அது. சுண்ணாம்பு நிலம், குளிர்ந்த வானிலை. அம்மண்ணுக்குச் சிறப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் எதுவரை ஷாம்பேன் என எல்லைக்கோடு இழுத்தது மண்ணன்று, அரசாணை. 1908ஆம் ஆண்டு ஆணை மார்ன் மாவட்டத்தையும் ஏன் மாவட்டத்தின் ஒரு பகுதியையும் உள்ளே வைத்தது. தெற்கிலிருந்த ஓப் மாவட்டத்தை வெளியே தள்ளியது. ஓப் மாவட்டத்தின் தலைநகரான துருவாவோ, முற்காலத்தில் ஷாம்பேன் சிற்றரசுக்கே தலைநகராக விளங்கிய ஊர்!

மார்ன் உழவருக்கும் நிம்மதி இல்லை. வணிக நிறுவனங்களுள் சில வெளி மாவட்டங்களிலிருந்து மலிவான திராட்சையை வரவழைத்து, அதற்கும் ஷாம்பேன் எனப் பெயரிட்டு விற்றன. 1910இல் விளைச்சல் பாழாயிற்று. 1911 சனவரியில் தமேரி, ஓத்வில்லேர் ஆகிய சிற்றூர்களில் உழவர் திரண்டெழுந்து கள்ளச்சரக்கைக் கொட்டிக் கவிழ்த்தனர். ஓப் மாவட்டத்தாரும் தம் உரிமைக்காகத் தெருவில் இறங்கினர். அவர்தம் போராட்டத்தால் அசைந்த செனட் சபை எல்லைக்கோட்டையே நீக்கலாம் என ஏப்ரலில் வாக்களித்தது. செய்தி எட்டியதும் மார்ன் பகுதி கொதித்தது. ஐ என்னும் ஊரில் வணிகர் மாளிகைகள் தீக்கிரையாயின. படை வந்தது. அவ்வாண்டே ஓப் மாவட்டத்திற்கு 'இரண்டாம் வட்டம்' என ஓர் அரைகுறைத் தகுதி கிடைத்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதனை முழுமையாக ஏற்றுக்கொண்டது. கேட்கிறேன்: 1908இல் ஷாம்பேன் ஆகாத மண், 1927இல் ஷாம்பேன் ஆனது எப்படி? இடையில் மண்ணா மாறியது?

'க்ரூ' என்னும் சொல்லையும் இவ்வாறே நோக்க வேண்டும். சீசாவின்மேல் 'கிராண் க்ரூ' எனக் கண்டதும் அது ஏதோ சுவையின் உச்சம் என எண்ணுகிறோம். ஷாம்பேனில் அது நெடுங்காலம் விலைப்பட்டியலாகவே இருந்தது. ஊர்தோறும் நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் உண்டு. நூறு பெற்ற 17 ஊர்களின் உழவருக்குத் திராட்சையின் முழு விலை. எண்பது பெற்ற ஊராருக்கு அவ்விலையில் எண்பது விழுக்காடு. அந்த விலைமுறை இன்று இல்லை. பட்டம் மட்டும் நிலைத்திருக்கிறது.

அப்படியானால் பெயர் வெறும் வணிக உத்தி, எவரும் எடுத்தாளலாம் என்பார் சிலர். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பெயரைக் காக்க உழவன் சிறை சென்றிருக்கிறான். அதனைப் பொதுச்சொல் எனக் கூறித் தூக்கிக்கொண்டு போவது களவே. 'ஸ்பானிய ஷாம்பேன்' என விற்பதை 1960இல் இலண்டன் நீதிமன்றம் தடுத்தது முறையே. ஆனால் சுவிட்சர்லாந்தில் வோ மாநிலத்தில் ஷாம்பேன் என்றே பெயர் கொண்ட ஒரு சிற்றூர் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 1999இல் கையெழுத்தான உடன்படிக்கையின் விளைவாக, 2004 முதல் அவ்வூரார் தம் ஊர்ப்பெயரைத் தம் மதுவின்மேல் எழுத இயலாது. வலியவன் கையில் சிக்கினால் பிறப்பிடப் பெயரும் பிறந்தவனிடமிருந்தே பறிக்கப்படும்.

இனி, இன்றைய நிலை. ஷாம்பேன் விதிநூல் மிக நுணுக்கமானது. கொடியைக் கவாத்து செய்ய நான்கு முறைகளே ஏற்கத்தக்கவை. 4,000 கிலோ திராட்சையிலிருந்து 2,550 லிட்டர் சாறுக்கு மேல் பிழியலாகாது. பழக்குலை முழுதாக, கையாலேயே பறிக்கப்படல் வேண்டும். கை கட்டாயம் என்கிறது விதி. அந்தக் கைக்கு உரியவன் இரவில் எங்கே படுக்கிறான் என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. தொழிலாளர் சட்டம் தனியே இருக்கிறதே என்பர். இருக்கிறது. இருந்தும் 2023 செப்டம்பர் அறுவடையில், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மனிதர் தங்கத் தகாத ஒரு கட்டடத்தில் அடைக்கப்பட்டிருந்ததை அதிகாரிகள் கண்டனர். 2025 சூலையில் சாலோன் நகர நீதிமன்றம் மூவரை ஆட்கடத்தல் குற்றத்திற்காகத் தண்டித்தது.

அவ்வழக்கில் ஷாம்பேன் தொழிற்குழுவும் பாதிக்கப்பட்ட தரப்பாகச் சேர்ந்துகொண்டது. பெயருக்கு இழுக்கு நேர்ந்ததாம். நேர்ந்ததுதான். அப்படியெனில், பறிப்பவனின் உறைவிடமும் உணவும் கூலியும் விதிநூலில் ஏறட்டும். மீறியவனின் திராட்சை அப்பெயரை இழக்கட்டும் என அங்குள்ள தொழிற்சங்கத்தார் கேட்கின்றனர். சாற்றை லிட்டர் கணக்கில் அளந்து பெயர் வழங்குவோருக்கு இதனை அளப்பது மட்டும் ஏன் கடினமாகத் தோன்றுகிறது?