அரசுக்குச் சமயம் எதற்கு?

சமயச் சார்பற்ற அரசு என்ற சொற்றொடரைக் கேட்ட மாத்திரத்தே முகஞ்சுளிப்போர் நம்மிடையே இன்றும் உளர். கோயிற் கதவை அடைப்பதும், பாடசாலையில் தேவாரத்தை நிறுத்துவதுமே அதன் உட்கருத்தென அவர்கள் அஞ்சுகின்றனர். மறுபுறத்தே, விஞ்ஞானம் வளர வளரச் சமயம் தானே தேய்ந்தொழியும், ஆதலால் அதைப்பற்றிப் பேசுவதே வீண் என்போரும் உளர். இரு சாராரும் ஒரே இடத்தில் வழி தவறுகின்றனர் என்பது எனது துணிபு. மனிதன் சமயத்தைக் கைக்கொள்ளலாமா என்பது ஒரு வினா. அரசு ஒரு சமயத்தைக் கைக்கொள்ளலாமா என்பது வேறொரு வினா. இவற்றைப் பிரித்தறியாவிடின் நமது விவாதம் செக்குமாடுபோற் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

வன்னி நிலத்தில் வாழ்வோர்க்கு இஃது ஏட்டுச் சுரைக்காயன்று. முல்லைத்தீவு மாவட்டத்திலே குமுழமுனைக்கு அண்மையிலுள்ள குருந்தூர்மலையை நோக்குக. அங்கே சுற்றூர் மக்கள் ஆதிசிவனையும் ஐயனாரையும் வழிபட்டு வந்தனர். அதே மலையிற் பண்டைய பௌத்த விகாரையொன்றின் சிதைவுகளும் உள்ளன. 2021ஆம் ஆண்டு சனவரியில் தொல்பொருளியல் திணைக்களம் அங்கு அகழ்வைத் தொடங்கியபோது, இராஜாங்க அமைச்சர் ஒருவரின் முன்னிலையில், படையினர் சூழ்ந்து நிற்க, புத்தர் சிலையொன்று வைத்து வழிபாடு நடத்தப்பட்டது. அகழ்வாராய்ச்சி என்பது மண்ணை நோக்கி அறிஞன் கேட்கும் வினா. விடையைச் சிலையாக முன்னரே சுமந்து சென்று வைத்துவிட்டுத் தோண்டத் தொடங்குவோர் மண்ணிடம் எதைக் கேட்கப் போகின்றனர்? 2022இல் முல்லைத்தீவு நீதிமன்றம் புதிய கட்டுமானங்களைத் தடுத்தது, கட்டுமானமோ நிற்கவில்லை. 2023இல் தன் கட்டளை மீறப்பட்டதென அந்நீதிமன்றமே கூறிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில், இவ்வழக்கை விசாரித்த மாவட்ட நீதிபதி, உயிரச்சுறுத்தலையும் மன அழுத்தத்தையும் காரணங்காட்டிப் பதவி துறந்து நாட்டைவிட்டு நீங்கினார்.

இது தனித்ததொரு நிகழ்ச்சியன்று. 2019 செப்டெம்பரில், செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயிலின் தீர்த்தக்கேணி அருகே, நீதிமன்றக் கட்டளைக்கு மாறாகப் பிக்கு ஒருவரின் உடல் தகனஞ் செய்யப்பட்டது. வவுனியா வடக்கிலே வெடுக்குநாறி மலையில் 2024ஆம் ஆண்டுச் சிவராத்திரியன்று வழிபாட்டுக்குச் சென்றோரில் எட்டுப் பேர் கைதாகி, பதினொரு நாள்களின் பின்னரே நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர்.

இவற்றைச் சிலரின் காழ்ப்புணர்ச்சி என்று கூறி அமைந்துவிட முடியுமா? வேர் அரசியலமைப்பிலேயே உள்ளது. சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு, எந்தவொரு சமயத்தாருக்கும் தனிச் சலுகையளிக்கவோ தனித் தடை விதிக்கவோ பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லையென வரையறுத்திருந்தது. 1972ஆம் ஆண்டு யாப்பு அப்பிரிவை அகற்றிப் பௌத்தத்துக்கு முதன்மை இடமளித்தது. 1978ஆம் ஆண்டு யாப்பின் 9ஆம் உறுப்புரை, புத்த சாசனத்தைப் பேணி வளர்த்தல் அரசின் கடமை என்கிறது. ஏனைய சமயத்தாரின் உரிமைகளும் அதே உறுப்புரையில் உறுதி செய்யப்பட்டுள்ளன என்பது மெய்யே. ஆயினும் ஒன்றை வளர்ப்பது கடமையாகவும் மற்றவற்றைப் பொறுத்துக்கொள்வது கண்ணியமாகவும் அமைந்துவிட்ட இடத்தில், கீழ்நிலை உத்தியோகத்தன் எதைத் தன் முதற்பணியாகக் கொள்வான் என்பது சொல்லாமலே விளங்கும்.

பௌத்த மக்களின் மனக்குறையை நான் மறுப்பவனல்லன். அந்நியராட்சியின் கீழ் அவர்களுடைய விகாரைகள் ஆதரவிழந்தன. கல்வியும் பதவியும் கிறித்தவப் பாடசாலைகளின் வழியே பெருகின. அதற்குப் பரிகாரம் தேடியது இயல்பே. ஆனால் இழந்ததை மீட்பது வேறு, அரசின் கையையே ஒரு சமயத்தின் கையாக்கிக்கொள்வது வேறு. பற்றறுக்கச் சொன்ன பெருமானுக்குப் படையினரைக் காவல் வைப்பதால் அவருடைய தருமத்துக்கு வரும் ஏற்றம் யாது?

இனி நம்மவர் பக்கம் திரும்புவோம். குருந்தூர்மலையிற் பௌத்தச் சின்னம் கிடைத்தது என்றவுடன் நம்மிற் பலர் பதறுகின்றனர். அது பொய் என்கின்றனர். ஏன் பதறவேண்டும்? மணிமேகலையைப் பாடிய சாத்தனார் எம்மொழியிற் பாடினார்? தமிழர் ஒரு காலத்திற் பௌத்தராகவும் சமணராகவும் வாழ்ந்தவர் என்பதை மாணவர்க்குக் கற்பிக்கும் நாமே, மலையில் ஒரு செங்கல்லைக் கண்டு நடுங்குவதேன்? பௌத்தமெனிற் சிங்களம் என்ற சமன்பாட்டைக் கொண்டே அவர்கள் மலையைக் கைப்பற்ற முனைகின்றனர். அதே சமன்பாட்டைக் கொண்டே நாம் வரலாற்றை மறுக்க முனைகின்றோம். சமன்பாடே பிழை. அதை உடைத்தெறிந்தால் செங்கல் ஆராய்ச்சிக்குரியதாகும், வழிபாடு வழிபடுவோர்க்குரியதாகும்.

தமிழரின் அரசியலிலே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. கிறித்தவரான செல்வநாயகத்தைப் பெரும்பான்மைச் சைவ மக்கள் தம் தலைவராக ஏற்றனர். 1976ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைத் தீர்மானம், எல்லாச் சமயங்களுக்கும் சமபாதுகாப்பு நல்கும் சமயச் சார்பற்ற அரசையே கோரிற்று. ஆனால் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அத்தீர்மானத்தை நினைந்து வாய்திறந்தோர் மிகச் சிலர். அதற்கு முன்னர், 1968இல், மாவிட்டபுரம் கோயில் வாயிலிலே சைவரே சைவரைத் தடுத்து நிறுத்தினர். 2018இல் திருகோணமலையில் இந்து மகளிர் பாடசாலையொன்றில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா உடைக்கு எதிராக ஆர்ப்பாட்டம் எழுந்தது. கொழும்பிடம் கோரும் நீதியை நம் தெருவில் வழங்க மறுப்போமாயின், நாம் கோருவது நீதியன்று. முறை மாறிய ஆதிக்கமே.

ஆகவே செய்யத்தக்கது யாது? 9ஆம் உறுப்புரையை மாற்றப் பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் பொதுசன வாக்கெடுப்பும் வேண்டும். அஃது எளிதிற் கைகூடாது. அதுவரை வாளாவிருத்தல் தகாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் நிலத்தில் எச்சமயத்தின் பெயராலும் அரசின் துணையோடு புதிய வழிபாட்டிடம் எழலாகாது. முன்னரே நிலவும் வழிபாடு தடைப்படலாகாது. நீதிமன்றக் கட்டளை அமைச்சரையும் துறவியையும் ஒருங்கே கட்டுப்படுத்த வேண்டும். இம்மூன்றையும் இன்றுள்ள சட்டங்களின் கீழேயே கோரலாம்.

நான்காவது ஆசிரியர்களின் கையில் உள்ளது. க.பொ.த. சாதாரண தரத்திற் சமயம் கட்டாய பாடம். சமய வேளை வந்ததும் பிள்ளைகள் பிரிந்து தத்தம் வகுப்புக்குச் செல்கின்றனர். பத்தாண்டு இவ்வாறு பயின்றும், பக்கத்து வகுப்பில் என்ன ஓதப்படுகிறதென அறியாமலே வெளியேறுகின்றனர். உயர்வகுப்பிலேனும் நான்கு சமயங்களின் அடிப்படைகளையும் எல்லா மாணவரும் ஒருங்கிருந்து கற்றல் நன்று. நற்றமிழாசிரியர் ஒருவர் மணிமேகலையைப் பௌத்த நூலாகவே நிறுத்திப் பாடஞ்சொன்னாற்கூடப் பாதிப் பகை தீரும்.

வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்கு மக்கள் வெள்ளமெனத் திரள்கின்றனர். அங்குறையும் கண்ணகியைத்தான் தெற்கிலே சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாகப் போற்றுகின்றனர். இவ்வழிபாடு நூற்றாண்டுகளைக் கடந்து இரு மொழியிலும் வாழ்வதற்கு எந்த வர்த்தமானியும் துணைநிற்கவில்லை. எந்த உறுப்புரையும் அவளுக்கு முதன்மை இடம் வழங்கவில்லை. மக்கள் நெஞ்சில் வேரூன்றிய சமயத்துக்கு அரசின் தாங்குகோல் வேண்டியதில்லை.