வெறும் தலையிடியா?

நறுவிலிக்குளத்து வயலிலே குனிந்து களை பிடுங்கும் இளம்பெண்ணொருத்தி, நாள்தோறும் தலை இடிக்கிறதென்றும், நிமிர்ந்தால் சில கணம் கண் இருண்டு தெளிகிறதென்றும், நாடித்துடிப்போடு சேர்ந்து காதில் இரைச்சல் கேட்கிறதென்றும் கூறினால், அவளுக்குக் கிடைக்கும் விடை யாது? வெயில் என்பர், இரத்தக்குறைவு என்பர், கலியாணமானால் மாறும் என்பர். மூன்று குறிகளையும் ஒன்றுசேர்த்துக் கேட்பார் அரியர்.

மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்து ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் பாய்பொருள் உண்டு. நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலீற்றர் சுரந்து, அவ்வளவும் மீண்டும் குருதியிற் சேர்கிறது. இச்சமநிலை குலையின் மண்டையோட்டினுள் அமுக்கம் உயரும். பார்வை நரம்பு நெருக்குண்டு வீங்கும். கட்டியோ கிருமியோ இன்றியும் இது நேர்வதுண்டு. பிள்ளைபெறும் வயதினரான, உடற்பருமன் கூடிய பெண்களையே இது பெரிதும் பற்றுகிறது.

1904இல் மாக்ஸ் நொன்னே இதனைப் பொய்க்கட்டி என அழைத்தார். 1955இல் ஃபோலி என்னும் மருத்துவர் 'தீங்கற்ற' என்ற அடைமொழியைச் சூட்டினார். உயிரைப் பறிக்காத நோய் தீங்கற்றதாம்! பார்வையைப் பறிகொடுத்தவளிடம் அதனைச் சொல்லத் துணிவார் யார்? மருத்துவ உலகம் பின்னர் அவ்வடைமொழியைக் கைவிட்டது. நமது சமூகமோ இன்னும் கைவிடவில்லை. 'வெறும் தலையிடிதானே' என்பது அதன் தமிழ் வடிவமன்றி வேறென்ன?

தலையிடிக்காரர் அனைவரையும் மூளைப்படம் எடுக்க அனுப்புவதா எனச் சிலர் வினவுவர். வேண்டியதில்லை. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அறிமுகப்படுத்திய, கண்ணின் உட்புறத்தைக் காட்டும் சிறு கருவி முதற்படிக்குப் போதும். நரம்பு வீங்கியிருப்பின், அதன்பின் மூளைப்படம் எடுத்து, முதுகில் ஊசி செலுத்தி அமுக்கத்தை அளக்கலாம். வளர்ந்தோரில் அது 250 மில்லிமீற்றர் நீருயரத்தை மிஞ்சுதல் நோயின் அடையாளம். அசற்றசோலமைட் என்னும் மருந்து உண்டு; எடைக்குறைப்பு உண்டு; பார்வை விரைந்து குன்றின் சத்திரசிகிச்சையும் உண்டு. ஆனால், எடையைக் குறைக்க வழிகாட்டுதல் வேறு, உடலை ஏளனஞ்செய்தல் வேறு. முன்னது சிகிச்சை, பின்னது அவளை மீண்டும் வராமற் செய்யும் வன்முறை.

ஒருநாட் கூலியை இழந்து, பாலங்கடந்து மன்னார் நகருக்கு வருகிறாள் அவள். அவளது கண்ணுக்குள் ஒரு கணமேனும் நோக்காது, பனடோல் குளிசைகளோடு திருப்பியனுப்புதல் சிக்கனமன்று; குற்றம். போன பார்வை பெரும்பாலும் மீள்வதில்லை. அவள் கேட்பது இரக்கமன்று. தன் சொல் நம்பப்படல் வேண்டும் என்னும் உரிமையே.