கோர்ட்டேறிய குலப்பெருமை

உயர்குலத்திற் பிறந்தோம் என்னும் வீண்பேச்சு, கடல்களைத் தாண்டி அமெரிக்க நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டின் படியேறிற்று என்றால் நம்புவீர்களா? ஏறிற்று, ஏறி, உதைபட்டும் இறங்கிற்று. 1923ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் தீர்ப்பான அவ்வழக்கை, இன்னும் குலம் பேசித் திரிவோர் அனைவரும் அறிதல் நலம்.

முதற்கண் அக்கோர்ட்டின் இயல்பைக் கூறுவோம். அடியில் ஜில்லா கோர்ட்டுகள், நடுவில் அப்பீல் கோர்ட்டுகள், முடியில் சுப்ரீம் கோர்ட்டு என்பது அந்நாட்டு ஐக்கிய சர்க்காரின் நீதி அமைப்பு. முடியில் அமர்வோர் ஒன்பதின்மர். குடியரசுத் தலைவர் அவர்களை நியமிக்க, செனட் சபை இசைவு தரும். பின்னர் நன்னடத்தை உள்ளவரை ஆயுட்காலம் முழுதும் பதவி அவர்களுடையதே. அரசியல் சட்டத்திற்கு முரணான சட்டம் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டென 1803இல் மார்பரி வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்த்தார். இத்துணை வல்லமை உடையோர் வானினின்று இறங்கியவரோ? அல்லர். கறுப்பின மக்கள் அமெரிக்கப் பிரஜைகளாக முடியாதென 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் எழுதியதும் இதே கோர்ட்டுதான். அத்தீர்ப்பைத் துடைக்க ஓர் உள்நாட்டுப் போரும், 1868இன் பதினான்காம் திருத்தமும் வேண்டியிருந்தன.

நிற்க. 1913இல் பஞ்சாபிலிருந்து சென்ற பகத் சிங் திந்த் என்பார் (தூக்குமேடை ஏறிய வீரர் வேறு, இவர் வேறு) ஓரிகன் மாகாணத்து மர ஆலைகளில் உழைத்தார். முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையிலும் சேவித்தார். பிரஜாவுரிமை கேட்டார். 1790ஆம் ஆண்டுச் சட்டமோ வெள்ளையர்க்கே அவ்வுரிமை என்றது. 1870இல் ஆப்பிரிக்க வழியினரும் சேர்க்கப்பட்டனர். ஓரிகன் ஜில்லா கோர்ட்டு 1920இல் அவருக்கு உரிமையளித்தது, சர்க்கார் விடவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டை அடைந்தது.

அங்கே அவர் தரப்பு வாதம் யாது? தாம் உயர்சாதி இந்து, தூய ஆரியர், ஆதலின் வெள்ளையரே என்பது. சீக்கியராகிய அவரை இந்து என்றது அக்கால அமெரிக்க வழக்கம், அது போகட்டும். மணவுறவில் அமெரிக்க வெள்ளையன் கறுப்பரை எங்ஙனம் விலக்குகிறானோ, அங்ஙனமே உயர்சாதி இந்து தன் நாட்டுப் பழங்குடியை விலக்குகிறான் என்றும் எழுதி நீட்டினர்! தன் நாட்டானை மிதித்ததே தன் தகுதிக்குச் சான்றாம்! இதனினும் இழிவுண்டோ?

பலன் என்ன? மூன்று திங்களுக்கு முன்னர்தான், ஜப்பானியராகிய டகாவோ ஒசாவாவின் வழக்கில், வெள்ளையர் எனில் காக்கேசிய இனத்தவர் என்று எழுதியிருந்தார் நீதிபதி சதர்லாந்து. இந்தியரும் காக்கேசியரே என்று இனநூலாரின் நூல்களைத் திந்த் தரப்பு காட்டியதும், அதே சதர்லாந்து, நூலோர் கூற்று வேண்டா, சாமானிய மனிதன் எவரை வெள்ளையர் என்கிறானோ அவரே வெள்ளையர் என்றார். ஜப்பானியர்க்கு இனநூல், இந்தியர்க்கு ஊர்ப்பேச்சு! இரண்டும் ஏகமனதான தீர்ப்புகள். அதன்பின் பல இந்தியரின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது. உரிமையிழந்த வியாபாரி வைஷ்ணோ தாஸ் பகாய் 1928இல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார்.

சட்டம் வெள்ளையனா என்று கேட்டது. அவர் வேறென்ன சொல்வார் என்பர் சிலர். சட்டம் கேட்டது நிறத்தை. பழங்குடியின் தலைமீது ஏறி நிற்கச் சொல்லவில்லையே! பிறப்பைக் காட்டி உரிமை கேட்பவன், பிறப்பைக் காட்டி மறுக்கும் உரிமையை எதிரிக்கு வழங்கிவிடுகிறான். பின்னர் அழுது பயனென்?

மாறாக, மற்றொரு வழியைக் காண்மின். 1896இல் பிளெஸ்ஸி வழக்கில், ரயில் வண்டியில் கறுப்பரைத் தனியே வைத்தல் முறையே என்று எழுவர் தீர்ப்பளிக்க, இந்நாட்டில் சாதிக்கு இடமில்லை என்று மறுத்தெழுதியவர் ஹார்லன் ஒருவரே. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன. 1954இல் பிரவுன் வழக்கில் கறுப்பின வக்கீல் தர்குட் மார்ஷல், எம்மவர் இன்னாரினும் மேலோர் என்று வாதித்தாரா? இல்லை. நிறத்தால் பிள்ளைகளைப் பள்ளியிற் பிரிப்பதே சமத்துவத்திற்கு விரோதம் என்றார். ஒன்பதின்மரும் ஒருமனதாய் இசைந்தனர். அவ்வக்கீலே 1967இல் அக்கோர்ட்டின் நீதிபதியும் ஆனார்.

திந்த் என்னவானார்? போரில் சேவித்தவர்க்கென 1935இல் இயற்றிய சட்டத்தின்படி 1936இல் பிரஜையானார். ஆரியக் குருதி பெற்றுத் தராததைப் படையிற் செய்த ஊழியம் பெற்றுத் தந்தது! ஏனைய இந்தியர்க்கு 1946இன் சட்டம் வழி திறந்தது; 1952இல் இனத்தடையே ஒழிந்தது. இவற்றுள் எதுவும் குலப்பெருமை ஈட்டியதன்று.

ஆதலின், எம் குலம் இன்னது என்று மார்தட்டுவோரைக் கேட்கிறோம்: உம்மினும் மேலோன் என்பான் ஒருவன் நாளை எதிரே வந்து நின்றால், எந்த வாயால் நீதி கேட்பீர்?