நானூறு பெயர்கள்

ஐப்பசி சதயம் வந்தால் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வெளியே நிற்கும் ராஜராஜன் சிலைக்கு மாலை மேல் மாலையாக விழும். யானை மீது திருமுறைகள் ஏறி ராஜவீதிகளைச் சுற்றும். ஓதுவார்கள் பாடிக்கொண்டே பின்னால் நடப்பார்கள். 2022 முதல் இது அரசு விழா. பார்க்கிறவர்களுக்கு, ஆயிரம் வருஷமாக இந்த ஊர் இந்த மன்னனை மறக்காமல் கும்பிட்டு வருகிறது என்றுதான் தோன்றும்.

உண்மையில் இந்த ஊர் அவனைப் பல நூற்றாண்டுகள் மறந்தே போயிருந்தது. தலபுராணம் கோயிலைக் கரிகாலன் கணக்கில் எழுதியது. தொழுநோய் தீர அவன் எடுப்பித்தான் என்று கதையும் சொன்னது. 1886இல் சென்னை மாகாணத்தின் கல்வெட்டு ஆய்வாளராக வந்த ஜெர்மானியர் யூஜென் ஹுல்ட்ஷ் இந்தச் சுவர்களை முறையாகப் படியெடுத்துப் படித்தார். 1891 முதல் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியாக அவை அச்சில் வந்த பிறகுதான், 1010இல் விமானத்துக்குக் கலசம் கொடுத்தவன் ராஜராஜன் என்பது ஐயமற நிலைத்தது. எழுத்து எங்கும் போய்விடவில்லை. தினமும் ஆயிரம் பேர் சுற்றிவந்த சுவரிலேதான் இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை.

அதற்குள் வேறு பலர் இந்தக் கோயிலில் தங்கள் நினைவை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். நாயக்கர்கள் சோழ ஓவியத்தின் மேலேயே புதுச் சுண்ணம் பூசித் தங்கள் ஓவியத்தைத் தீட்டினார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி, உதிர்ந்த பூச்சுக்குக் கீழே சோழர் வண்ணம் இருப்பதைக் கண்டுபிடிக்கும்வரை அது மறைந்தே கிடந்தது. இரண்டாம் சரபோஜி 1803இல் போன்ஸ்லே வம்சத்தின் முழு வரலாற்றையும் மராத்தியில் இங்கே கல்லில் வெட்டுவித்தார். அவருக்கும் இதுதான் தன் குலத்தை எழுதத் தகுந்த இடமாகத் தெரிந்திருக்கிறது. அப்புறம் கல்கி வந்தார், சினிமா வந்தது, 1987இல் யுனெஸ்கோ வந்தது. ராஜராஜன் சிலையைக் கோயிலுக்குள் வைக்க மாநில அரசு விரும்பியபோது மத்தியத் தொல்லியல் துறை சம்மதிக்காததால், கட்டியவன் தன் கோயிலுக்கு வெளியே சாலையோரம் நிற்கிறான்.

இதெல்லாம் எந்தச் சமூகத்திலும் நடப்பதுதான். என் மனக்குறை வேறு. நாம் இன்று கொண்டாடும் ராஜராஜன், அவனே கல்லில் எழுதச் சொன்னதைவிடச் சிறியவனாக இருக்கிறான்.

வழிகாட்டிகள் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது. உச்சியில் இருப்பது ஒரே கல், எண்பது டன். நந்தி வளர்ந்துகொண்டே போனதால் ஆணி அடித்து நிறுத்தினார்கள். நிழல் நன்றாகவே விழுகிறது. உச்சிக்கல் பல துண்டுகளைச் சேர்த்து அமைத்தது. அந்த நந்தி நாயக்கர் காலத்தது. பிள்ளைகள் வாய்பிளந்து அண்ணாந்து பார்க்கும் அதே நேரத்தில், அவர்கள் கண்மட்டத்தில் இருக்கும் எழுத்து படிக்கப்படாமல் போகிறது.

அந்த எழுத்தில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர் இருக்கிறார்கள். திருவையாறு, திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறை என்று சோழநாட்டுக் கோயில்களிலிருந்தெல்லாம் ஆடல் மகளிரைக் கொண்டுவந்து குடியமர்த்தி, தெரு, சிறகு, எத்தனையாவது வீடு என்று பதிந்திருக்கிறார்கள். தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் தலைவீடு, திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கையுடையது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒருத்தி இறந்தால் அடுத்த உறவினருக்கு அந்தப் பங்கும் பணியும் சேரும். அவருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரை அவரே தேர்ந்து நிறுத்த வேண்டும். இவ்வளவு துல்லியமாக, பெயர் சொல்லி, பெண்களை எழுதிவைத்த ஆவணம் அந்தக் காலத்தில் உலகத்தில் எத்தனை இடத்தில் இருக்கும்? அவர்களோடு நட்டுவம் செய்தவர்கள், வீணை வாசித்தவர்கள், தையற்காரர், தச்சர், கன்னார், வண்ணார், குடை பிடித்தவர்கள். திருப்பதியம் பாட நாற்பத்தெட்டுப் பேர், கொட்ட இரண்டு பேர், ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு, நாளுக்கு ஓர் உழக்கு நெய். அளக்க வேண்டிய இடையர் இன்னார் என்று பெயர். பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் அங்கேதான் உண்டு.

நானூறு பெண்களை நாம் தாண்டிப்போவது கவனக்குறைவால் மட்டும் என்று நான் நம்பவில்லை. பின்னாளில் தேவதாசி முறை அடைந்த இழிவை நினைத்துக் கூசுகிறோம். அந்த முறை ஒழிந்தது நியாயம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போராடியதும் இதே காவிரிக் கரையில்தான். ஆனால் ஒரு முறையை ஒழித்ததற்காக அந்தப் பெண்களின் பெயரையும் சேர்த்து அழிக்க வேண்டுமா?

சுவரும் எல்லாரையும் எழுதிவிடவில்லை. கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரியில்லாத நிலங்களை அது அடுக்கும்போது ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால் என்ற வரிசையில் பறைச்சேரி வருகிறது, கம்மாணச்சேரி வருகிறது, சுடுகாடு வருகிறது. சேரி உண்டு; அங்கே குடியிருந்த ஒருவருக்குக்கூட அந்த இடத்தில் பெயர் இல்லை. ஆடவல்லான் மரக்காலால் அளந்து கோயிலுக்கு வந்த நெல் மலைபோல் குவிந்ததே, சேற்றில் இறங்கி அதை விளைவித்த கைகள் யாருடையவை? ராஜராஜன் காலத்துச் சாதியையும் நிலத்தையும் பற்றி யாராவது கேள்வி கேட்டால் இன்று நமக்குக் கோபம் வருகிறது. கோபப்படுவதற்கு முன் இந்தச் சுவரைப் படிக்கலாம். ஆயிரம் வருஷம் கழித்து, 1968இல், கீழவெண்மணியில் கூலி நெல் கூட்டிக் கேட்ட தகராறில் நாற்பத்து நாலு பேர் எரிந்து செத்த டெல்டாதான் இது. அங்கே டிசம்பர் 25 அன்று கூடுகிற ஜனங்களும் மரபைத்தான் காக்கிறார்கள்.

சதய விழாவை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பட்டிமன்றத்துக்கும் கவியரங்கத்துக்கும் ஒதுக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரம் எடுத்து, சுவரில் உள்ள பெயர்களை ஒலிபெருக்கியில் வாசியுங்கள். நக்கன் சேரமங்கையை, திருவையாற்றுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி வாசிக்கட்டும். நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்களை நாகப்பட்டினத்துப் பிள்ளைகள் வாசிக்கட்டும். பறைச்சேரி என்ற இடம் வரும்போது வாசிக்கப் பெயர் இருக்காது. அப்போது, இன்று அந்த வயல்களில் நாற்று நடுகிற பெண்களை மேடைக்கு அழைத்து, அவரவர் பாட்டி பெயரையும் பூட்டி பெயரையும் சொல்லச் சொல்லுங்கள்.