சொல்லால் விழாத சுவர்

பெர்லின் சுவரை வீழ்த்தியது ரொனால்டு ரீகனின் பேச்சு என்பது பொது அறிவு நூல்களும் மேடைப் பேச்சாளர்களும் சலிக்காமல் சொல்லிவரும் கதை. அமெரிக்க அதிபராக இருந்த அவர், 1987 ஜூன் 12 அன்று பிராண்டன்பர்க் வாயில் முன் நின்று, இந்தச் சுவரை இடித்துவிடும்படி சோவியத் தலைவர் கோர்பச்சேவுக்கு அறைகூவல் விடுத்தார். சுவரும் கேட்டுக்கொண்டு விழுந்துவிட்டதாம்.

முதலில், காலக்கணக்கு இடிக்கிறது. சுவர் திறந்தது 1989 நவம்பர் 9 அன்று. அப்போது ரீகன் பதவியில்கூட இல்லை. அதிபராக இருந்தவர் ஜார்ஜ் புஷ். இதைக் காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றும் சொல்ல முடியாது. காகம் பறந்துபோய் 29 மாதம் கழித்தே பழம் விழுந்தது.

இரண்டாவது, ஆயுதப் போட்டியில் ரீகன் கொடுத்த நெருக்கடி. அது சோவியத் கஜானாவுக்குச் சுமைதான். ஆனால் பேச்சு வேறு, செலவுக்கணக்கு வேறு.

மூன்றாவது, விரிசல் விட்ட இடம் பெர்லினே அல்ல. 1989 மே 2 அன்று ஹங்கேரி தன் ஆஸ்திரிய எல்லை வேலியை அகற்றத் தொடங்கியது. ஜூன் 4 தேர்தலில் போலந்தின் சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கம் வாகை சூடியது. செப்டம்பர் 11 முதல் கிழக்கு ஜெர்மானியர் ஹங்கேரி வழியே தடையின்றி வெளியேறினர். அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆட்சியை எதிர்த்துச் சுமார் 70,000 பேர் ஊர்வலம் போனார்கள், துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. ஒன்பதே நாளில் அந்நாட்டுத் தலைவர் ஹோனெக்கர் பதவி இழந்தார்.

நான்காவது, சுவர் திறந்த விதம். நவம்பர் 9 மாலை, கிழக்கு ஜெர்மன் ஆளுங்கட்சியின் செய்தித் தொடர்பாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி செய்தியாளர்களிடம் புதிய பயண விதிகளை வாசித்தார். விண்ணப்பித்து அனுமதி பெற்றுப் போகலாம், அதுவும் மறுநாள் முதல் என்பதே ஏற்பாடு. அது அவருக்குச் சரியாகத் தெரியாது. எப்போது முதல் நடைமுறை என்ற கேள்வி எழுந்ததும் காகிதங்களைப் புரட்டினார். உடனடியாக, தாமதமின்றி என்று சொல்லிவைத்தார். தொலைக்காட்சியில் செய்தி பரவ, மக்கள் எல்லைச் சாவடிகளில் குவிந்தனர். போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் பொறுப்பிலிருந்த ஹரால்ட் யேகர் மேலிடத்துக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசினார். தெளிவான உத்தரவு வரவில்லை. அதிகம் கூச்சலிட்டவர்களை மட்டும், அடையாள அட்டையின் புகைப்படத்தில் முத்திரை குத்தி, முதலில் வெளியே விட்டார்கள். திரும்பிவர முடியாதபடி செய்வதற்கான குத்து அது. கூட்டம் மேலும் பெருகியது. இரவு சுமார் 11.30 மணிக்கு யேகர் தடுப்பைத் திறக்கச் சொன்னார். அந்தக் கூட்டத்தின் நெரிசலில் ரீகனின் குரலைத் தேடினால் கிடைக்காது.

சுவரை இடிக்கும் அதிகாரபூர்வப் பணி 1990 ஜூன் 13 அன்று பெர்னாவர் தெருவில் தொடங்கியது. இடித்தவர்கள், அதுவரை அதைக் காவல் காத்த கிழக்கு ஜெர்மன் எல்லைப் படையினர்.