உருண்டைக்கு முகம் ஏது?

காலுமின்றி, ஊர்திகட்குரிய உருளிகளுமின்றி, முழுவுடலே உருளியாய் ஓடும் பொறியொன்று, சீனத்தின் வென்சோ நகர்த் தெருக்களில் காவலரோடு உலவிய செய்தி, 2024-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் உலகெங்கும் பரவிற்று. மக்கள் வியந்தனர். வியப்பது பிழையன்று; அறிவின் ஆக்கத்தைக் கண்டு வியவாதவன் கல்லாவான். ஆயின், வியப்பு அடங்கிய பின்னர்க் கேட்டறிய வேண்டுவன சில உள. அவற்றைக் கேட்பார்தாம் அரியர்.

இப்பொறிக்குத் தமிழில் உருள்பொறி எனப் பெயரிடுதல் சாலும். பெயரே அதன் இயக்கத்தைச் சொல்லிவிடும். உருண்டையின் நடுவே ஊடுருவி ஓர் அச்சு. அவ்வச்சினின்று எடைமிக்க ஊசல் ஒன்று உள்ளே தொங்குகின்றது. மின்னோடி அவ்வூசலை முன்னே தூக்கிப் பிடிக்க, எடை நடுவம் முன்னே பெயர்கின்றது. பெயரவே உருண்டை முன்னோக்கி உருள்கின்றது. ஊசலைப் பக்கவாட்டில் சாய்த்தால் உருண்டை அப்பக்கம் திரும்பும். இவ்வளவே மருமம். 1996-ஆம் ஆண்டிலேயே பின்லாந்தின் எல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இவ்வகைப் பொறியின் இயக்கத்தை ஆராய்ந்து வெளியிட்டனர்.

வெளியிடக் கண்காணிப்புக்கு இதனைப் பயன்கொண்டோருள் குறிக்கத்தக்கவர் சுவீடன் நாட்டு உப்சாலாவினர். அங்குள்ள பல்கலைக்கழகத்தார் செவ்வாய் முதலிய கோள்களின் நிலத்தை ஆராயவெனக் கருதிய உருண்டையே, 2004-இல் தோன்றிய உரோட்டண்டசு நிறுவனத்தின் கையில் நிலவுலகக் காவற்பொறி ஆயிற்று. குறுக்களவு ஏறத்தாழ 60 செ.மீ.; எடை 25 கிலோ; விரைவு மணிக்குப் பத்துக் கிலோமீட்டர். இருபுறமும் படப்பொறிகள். மூடிய உடலாதலின் மணலும் புழுதியும் உட்புகா. பனியிலும் சேற்றிலும் செல்லும், நீரில் மிதக்கும். கவிழ்தல் என்பதே இல்லை; கவிழ்வதற்கு மேலேது, கீழேது? நச்சுவளி கசியும் ஆலைக்குள்ளும் கதிர்வீச்சு மிக்க இடத்தும் ஆளை அனுப்பாமல் இதனை அனுப்பலாமெனின், அதனை மறுப்போர் யார்? ஓருயிரைக் காக்கும் கருவி நூறு முறை போற்றத்தக்கது.

குறையும் உண்டு. ஊசலின் எடையும் நீளமும் எவ்வளவோ அவ்வளவே உந்துவிசை. ஊசலோ உருண்டைக்குள்ளேயே அடங்க வேண்டும். எனவே செங்குத்துச் சரிவும் படிக்கட்டும் இதற்கு ஆகா. மாடிவீட்டில் ஏறி ஒளிந்த கள்வன் உருண்டைக்கு அஞ்ச வேண்டுவதில்லை!

பிறகு யார் அஞ்ச வேண்டும்? சமநிலத் தெருவில் நிற்போர் அஞ்ச வேண்டும். வென்சோவில் உருண்ட பொறி, சீன நிறுவனமொன்று செச்சியாங் பல்கலைக்கழகத்தார் துணையோடு ஆக்கியது. அதன் எடை 125 கிலோ என்றும், விரைவு மணிக்கு 35 கிலோமீட்டர் என்றும் ஆக்கியோர் கூறினர். கணக்கிட்டுப் பார்க்க. எடை சுவீடன் உருண்டையைப்போல் ஐந்து மடங்கு. விரைவு மூன்றரை மடங்கு. மோதும் ஆற்றல் விரைவின் இருமடியைப் பொறுத்து வளர்வதால், அவ்வாற்றல் ஏறத்தாழ 60 மடங்கு. 70 கிலோ எடையுள்ள ஆள் மணிக்கு 25 கிலோமீட்டர் விரைவில் ஓடிவந்து மோதினால் எழும் ஆற்றலினும் இது மும்மடங்குக்கு மேல். இதனோடு வலைவீசும் கருவியும் கண்ணீர்ப்புகையும் அதனுள் வைக்கலாமாம். முகங்கண்டு ஆளை இனங்காணும் திறமும் உண்டாம்.

நோக்கும் பொறி வேறு. தாக்கும் பொறி வேறு. இவ்விரண்டையும் ஓருருண்டைக்குள் அடைத்துவிட்டு, இரண்டிற்கும் கண்காணிப்பு என ஒரே பெயரிடுவது சொல்லால் செய்யும் ஏமாற்று. குழாயின் வெடிப்பைப் பார்க்கும் பொறி பிழைபட்டால் மீண்டும் ஒருமுறை பார்க்கலாம். கூட்டத்துள் பாயும் பொறி பிழைபட்டால், முறிந்த காலை மீண்டும் ஒருமுறை முறியாததாக்க வொண்ணுமோ?

காவலரும் மாந்தரே, கொலைக்கருவி ஏந்தியவன் எதிரே அவர் உயிரை ஏன் பணயம் வைக்க வேண்டும் என்பார் உளர். மெய்யான வினாதான். அத்தகையவன் பதுங்கிய இடத்துக்குள் முதலில் உருண்டு சென்று நிலைமையைக் காட்ட இப்பொறி உதவுமாயின் உதவுக. அதற்கு வேண்டுவது கண்; வலையும் புகையும் அல்ல. கடைத்தெருவில் காய் வாங்கும் மக்களிடையே இத்தனை எடையும் விரைவும் எதற்கு? அங்கே அதன் வேலை குற்றவாளியைப் பிடிப்பதன்று. குடிகளை அடங்கி நடக்கச் செய்வது.

தெருவில் நிற்கும் காவலர்க்கு முகம் உண்டு. மார்பில் பெயரோ எண்ணோ உண்டு. அவர் அடித்தால், அடித்தவர் இன்னாரென்று வழக்குமன்றத்தில் சுட்டலாம். உருண்டைக்கு முன்னேது, பின்னேது? தனக்கு முகமில்லாத பொறி பிறர் முகத்தைப் படிக்கின்றது. எங்கோ அமர்ந்து அதனை ஓட்டுவோன் யார்? வலைவீசப் பணித்தவன் யார்? எடுத்த படங்கள் எத்துணை நாள் யாரிடம் இருக்கும்? இவற்றுக்கு விடை எழுதப்பெற்ற சட்டமின்றி எந்நாட்டு அரசும் இதனைப் பொதுத்தெருவில் இறக்குதல் கூடாது.

இது அரிய ஏற்பாடுமன்று. தாக்கும் கருவி எதுவும் உருள்பொறிக்குள் வைக்கப்படலாகாது. மக்கள் நடுவே நடைவிரைவுக்கு மேல் ஓடலாகாது. ஓட்டுவோன் பெயரும் நேரமும் நாடோறும் பதிவாக வேண்டும். பொறியின் எண்ணை உருளும் மேலோட்டில் எழுதினால் எவராலும் படிக்க இயலாது; அச்சோடு பிணைந்து உருளாமல் நிற்கும் படப்பொறியின் அருகே, பத்தடித் தொலைவிலும் தெரியுமாறு பொறித்தல் வேண்டும்.